பச்சை விழுந்தால்தான் வெளியே

சிங்கப்பூர்
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். அத்தையும் பாட்டியும் நலம்தானே? கார்த்திக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்து ஐபிஏ கடிதமும் (வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல்) வந்துவிட்டதாக அம்மா சொன்னார்கள், சந்தோஷம்.

"கொரோனாவில் இங்கே லத்தியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விரட்டினார்கள், அங்கே ஒருவன் மேல் ஒரு அடி விழவில்லை, அதல்லவா நிர்வாகம்" என்று எழுதியிருந்தீர்கள். அடி விழவில்லை, உண்மைதான். கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லி 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அழைத்துப் போன தகப்பனும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதோடு எதை ஒப்பிட்டாலும் இங்கே எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். ஆனால் லத்தி இல்லாமலும் ஒரு மனுஷனை இரண்டு வருஷம் உள்ளே வைக்கலாம் மாமா. அரசிதழில் ஒரு அறிவிப்பும் போனில் ஒரு செயலியும் போதும். கார்த்தி தங்கப்போவது மாதிரியான வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் நடந்தது அதுதான், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் 2020 ஏப்ரல் 7 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்து அன்றைக்கே நிறைவேறியது. சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கும் அன்றே தொடங்கி ஜூன் 1 வரை ஓடியது. சட்டத்தில் இருந்தது பெரும்பாலும் அதிகாரம் மட்டும்தான். யார் யாரைப் பார்க்கலாம், எந்தக் கடை திறக்கலாம், எத்தனை பேர் கூடலாம் என்பதெல்லாம் சுகாதார அமைச்சர் போடும் கட்டுப்பாட்டு ஆணையில் வந்தன. ஆணை எத்தனையோ முறை மாறியது. இரண்டு பேர், ஐந்து பேர், எட்டு பேர், மறுபடி ஐந்து, மறுபடி இரண்டு. மீறினால் முதல் தடவைக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முகக்கவசம் போடாமல் போனால் அங்கேயே 300 வெள்ளி. குடிமகனுக்கு 300 வெள்ளியோடு போயிற்று. வேலை பெர்மிட்டில் இருப்பவனுக்கு அதோடு போகாது, பெர்மிட்டையே ரத்து செய்து ஊருக்கு அனுப்பலாம், அனுப்பவும் செய்தார்கள். ஒரே குற்றம்தான், ஒருவனுக்கு அது ஒரு நாள் கூலி, இன்னொருவனுக்கு ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் மொத்தமும்.

விடுதிகளுக்குப் பயன்பட்டது அதைவிடப் பழைய சட்டம், 1976-இன் தொற்றுநோய்ச் சட்டம். ஓர் இடத்தைத் தனிமைப்படுத்தும் இடம் என்று அரசிதழில் அறிவிக்க அதில் வழி உண்டு. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியையும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியையும் அப்படி அறிவித்தார்கள். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். பிறகு வரிசையாக மற்றவையும் பூட்டப்பட்டன. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதிகளில் இருந்தார்கள்.

பூட்டினால் நோய் நிற்கும் என்பது வீட்டுக்குப் பொருந்தும். ஓர் அறையில் 12 பேர், 16 பேர், இரட்டை அடுக்குக் கட்டில், தளம் முழுவதுக்கும் பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை என்ற இடத்தில் கேட்டைப் பூட்டினால் நோயும் உள்ளேயேதான் இருக்கும். அந்த வருஷம் டிசம்பரில் அரசாங்கமே கணக்கு வெளியிட்டது. பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள் 54,505 பேர், ரத்தத்தில் பழைய தொற்றின் அடையாளம் இருந்ததாக இன்னும் 98,289 பேர். விடுதியில் இருந்தவர்களில் 47 விழுக்காடு. பெரும்பாலும் இளவட்டம் என்பதால் இறந்தவர்கள் மிகச் சிலரே. சாப்பாடு கொடுத்தார்கள், வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை, அடிப்படைச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டு வெளிநாட்டு ஆள் வைத்திருப்பதற்கு அவை கட்டும் லெவியையும் தள்ளுபடி செய்தார்கள். இதையெல்லாம் மறைத்தால் நான் பொய்யனாவேன்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பின்னால் நடந்தது. 2020 ஆகஸ்டுக்குள் விடுதிகளில் நோய் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறமும் கேட் திறக்கவில்லை. வேலைக்குப் போகலாம், கம்பெனி லாரியில் போய் லாரியிலேயே திரும்ப வேண்டும். அது எப்படி நடந்தது என்று கேளுங்கள். போனில் எஸ்ஜி ஒர்க்பாஸ் என்ற செயலி. அதில் ஒரு குறி, பச்சை அல்லது சிவப்பு. காலையில் பச்சை இருந்தால்தான் கேட்டைத் தாண்டலாம். பச்சை விழ 14 நாளுக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், பிறகு அதுவும் வாரம் ஒருமுறை ஆனது. இன்னொரு செயலியில் தினமும் இரண்டு தடவை உடல் வெப்பத்தைப் பதிய வேண்டும். பரிசோதனைக்குத் தேதி வாங்கித் தர வேண்டியது கம்பெனி. அது மறந்து தேதி தாண்டினால் சிவப்பு. தப்பு யாருடையது என்று அந்தக் குறி பார்க்காது, ஆள் அறையில் உட்கார வேண்டியதுதான். ஓய்வு நாளில் பொழுதுபோக்கு மையம் போவதற்கும் தனியாக விண்ணப்பித்து நேரம் வாங்க வேண்டும்.

2021 செப்டம்பரில் சோதனை முயற்சி என்று வாரத்துக்கு 500 பேரை லிட்டில் இந்தியாவுக்கு விட்டார்கள். 3 லட்சத்தில் 500! டிசம்பரில் நாளுக்கு 3,000. 2022 மார்ச்சில் வார நாளில் 15,000, வாரக் கடைசியில் 30,000. வெளியே போகத் தனி அனுமதி வேண்டாம் என்று ஆனது 2022 ஜூன் 24-இல். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வர வேண்டுமானால் இன்னொரு அனுமதிச்சீட்டு. மற்றவர்கள் 2020 டிசம்பர் கடைசியிலேயே எட்டு எட்டுப் பேராகக் கூடி ஓட்டலில் உட்கார்ந்தாயிற்று. 2022 ஏப்ரலில் கூடும் எண்ணிக்கைக்கான வரம்பும் போயிற்று. கடைத்தொகுதி காசாளர் கையில் கிருமி இல்லை, கப்பல் பட்டறைத் தொழிலாளி கையில் மட்டும் இருந்ததா?

அடுத்தது டிரேஸ்டுகெதர், 2023-இல் நிறுத்தப்பட்ட தொற்றுத் தடம் பார்க்கும் செயலி. இதைப் புரிந்துகொள்ள இரண்டு கருவிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேஃப்என்ட்ரி என்பது வாசலில் ஒட்டிய கியூஆர் கட்டம். நீங்கள் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று நேராக அரசாங்கத்தின் சர்வருக்குப் போகும். டிரேஸ்டுகெதர் இடத்தைப் பார்க்காது, உங்கள் பக்கத்தில் யார் இருந்தார் என்று பார்க்கும். இரண்டு போன்கள் புளூடூத்தில் அடிக்கடி மாறும் தற்காலிக எண்களைப் பரிமாறிக்கொள்ளும். அது போனிலேயே 25 நாள் இருந்து அழியும். நோய் வந்தால் அமைச்சு கேட்கும்போது நீங்கள்தான் ஏற்றிவிட வேண்டும். அந்த எண் யாருடையது என்று திறக்கும் சாவி சுகாதார அமைச்சிடம். வடிவமைப்பு கெட்டிக்காரத்தனமானது, அதில் எனக்குக் குறையில்லை. ஐபோனில் செயலியைத் திறந்தே வைத்திருந்தால்தான் ஒழுங்காக ஓடியது, அதனால் 2020 செப்டம்பரிலிருந்து சமூக மன்றங்களில் டோக்கன் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் வில்லை, ஜிபிஎஸ் இல்லை, இணையம் இல்லை, நிமிஷத்துக்கு ஒருமுறை பச்சையாக மினுங்கும். சிவப்பாக மினுங்கினால் பாட்டரி தீர்கிறது, போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் வந்தபோது விருப்பம் உள்ளவர்கள் போடலாம் என்றார்கள். ஜூனில் விடுதித் தொழிலாளர்களுக்குக் கட்டாயம். 2021 மே 17 முதல் கடைத்தொகுதி, வேலையிடம் என்று எல்லாருக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. கட்டாயம் என்பது முதலில் பெர்மிட்காரன் மேல் ஒத்திகை பார்க்கப்பட்டு அப்புறம் மற்றவர்களுக்கு வந்தது. இது என் கருத்துதான், ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

தொற்றுத் தடம் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொல்லியிருந்தார். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் அதைக் கேட்டு வாங்கலாம் என்று பதில் வந்தது. ஒரு கொலை வழக்கில் கேட்டும் இருந்தார்கள். அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று மறுநாள் அமைச்சர் சொன்னார். சத்தம் எழுந்ததும் அவசரச் சட்டமுன்வரைவு கொண்டுவந்து பிப்ரவரி 2 அன்று நிறைவேற்றினார்கள்: கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், பாலியல் வன்முறை போன்ற ஏழு வகைக் கடுங்குற்றத்துக்கு மட்டும் போலீஸ் பார்க்கலாம், தவறாகப் பயன்படுத்தும் அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 வருஷம் வரை சிறையோ, நோய் ஓய்ந்ததும் அழிக்க வேண்டும். நல்ல சட்டம். அந்தக் கொலை வழக்குத் தகவல் தவிர மற்றதை அழிக்கவும் செய்தார்கள். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதைப் பத்து மாதம் கழித்து, கேள்வி கேட்ட பிறகு எழுதினார்கள் என்பதுதான் என் சங்கடம்.

தடுப்பூசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசியோடு எனக்குச் சண்டையில்லை. 2021 ஆகஸ்ட் 10 முதல் போடாதவர்கள் பரிசோதித்துக் காட்டாமல் பெரும்பாலான உணவகங்களில் உட்கார முடியாது, டிசம்பர் 8 முதல் தாமாகவே போடாமல் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்களே கட்ட வேண்டும், 2022 ஜனவரி 15 முதல் வேலையிடத்துக்குள் போக முடியாது. வேலையிடத்துக்குப் பரிசோதித்துக் காட்டினாலும் செல்லாது. இதே விஷயம் நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் போயிற்று. யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசமைப்பின் 21-ஆவது பிரிவில் உள்ள உடல் உரிமை என்று 2022 மே 2 அன்று தீர்ப்பு வந்தது. இதையும் உங்கள் லத்திக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே அரசமைப்பின் 13, 14-ஆம் பிரிவுகள், அதாவது நாட்டுக்குள் நடமாடும் உரிமை, பேச்சுரிமை, கூடும் உரிமை, எல்லாம் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டு ஊழியனுக்கு மிஞ்சுவது 9-ஆம் பிரிவின் ஆள் சுதந்திரம், 12-ஆம் பிரிவின் சட்டத்தின் முன் சமத்துவம் போன்றவைதான். விடுதிக் கேட் சங்கதியில் நீதிமன்றம் போக இடம் எவ்வளவு குறுகல் என்று இதிலேயே தெரிகிறது.

2023 மார்ச்சில் வந்த வெள்ளை அறிக்கையில் விடுதிகளை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பழைய விடுதிகளுக்கு 2030-ஐ ஒட்டிக் கெடு. 2024 மார்ச்சில் தொற்றுநோய்ச் சட்டத்தையும் திருத்தி, அபாயத்தை நான்கு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் என்ன அதிகாரம் என்று எழுதியிருக்கிறார்கள். படி எழுதப்பட்டது முன்னேற்றம்தான். எந்தப் படியிலும் விடுதிக்கும் வீட்டுக்கும் ஒரே நாளில் கேட் திறக்க வேண்டும் என்று எழுதவில்லை.

கார்த்தியிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஐபிஏ கடிதம் தமிழிலும் வரும். அதில் போட்டிருக்கும் அடிப்படைச் சம்பளம், பிடித்தம் இரண்டையும் ஏஜெண்டு சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விடுதி பூட்டிய மாதங்களில் எவ்வளவு பாக்கி என்ற தகராறில் அந்த எண்தான் பேசியது. மூன்று நகல் எடுத்து ஒன்றை உங்கள் பீரோவில் வையுங்கள். இங்கே வந்ததும் அவன் தங்கும் விலாசத்தைக் கம்பெனி பதிந்ததா என்று கேட்டு உறுதி செய்யட்டும், இடம் மாறினால் ஐந்து நாளுக்குள் பதிய வேண்டியது கம்பெனியின் கடமை. எந்த விடுதி என்று தெரிந்தவுடன் எனக்கு எழுதுங்கள், அறைக்கு எத்தனை பேர் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அத்தைக்கும் பாட்டிக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்