படம் போய்ச் சேரும் செலவு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டாரக் கலைஞர்களுக்கான சமகாலக் கலைப் பரிசு அறிவிப்புகளில் பரிசுத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கிறது. ‘படைப்பைக் கொண்டுவருவதும் திருப்பி எடுத்துப்போவதும் கலைஞர் பொறுப்பு’ என்பது பெரும்பாலும் கடைசி வரியில், பொடி எழுத்தில். எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஓவியர்கள் பின்வாங்குவது அந்த வரியைப் படித்துத்தான். 2012 டிசம்பர் 12-ல் கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து கொச்சியில் சமகாலக் கலைக்குக் கூட்டம் வருகிறது. ஆனால் நாலடிக்கு மூன்றடி கேன்வாஸ் ஒன்றை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது லேசல்ல. ஆட்டோவில் நுழையாது, பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.

பார்சலில் போட்டால், கட்டுவதில்தான் பாதிப் படம் கெடுகிறது. பப்பிள் ஷீட்டை நேரே படத்தின் மேல் சுற்றினால், வெயிலில் நிற்கும் லாரிக்குள் அக்ரிலிக் பெயின்ட் இளகி, குமிழிகள் வட்ட வட்டமாக அச்சுப் பதிந்துவிடும். படத்தின் முகத்தில் எதுவும் படக்கூடாது. நாலு மூலைக்கும் அட்டையை மடித்து இரண்டு விரல் உயரம் முட்டுக் கொடுத்து, மேலே கனமான அட்டை மூடி, அதற்கு வெளியேதான் பப்பிள் ஷீட். கண்ணாடி போட்ட படமென்றால் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடலாம்தான், ஆனால் கரி, பேஸ்டல் படங்களுக்கு ஆகாது. அந்த ஷீட்டில் ஏறும் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஈரம். நம் பக்கத்துக் காய்ந்த காற்றில் விறைப்பாக இருந்த கேன்வாஸ், கொச்சிக் காற்றில் தொய்கிறது. ஸ்ட்ரெச்சர், அதாவது கேன்வாஸை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தின், மூலைகளில் ஆப்பு வைத்திருந்தால் அங்கேயே லேசாகத் தட்டி இழுத்துவிடலாம். ஆணியடித்த வெறும் சட்டத்துக்கு வழியில்லை. காகித ஓவியத்தை நாலு பக்கமும் ஒட்டி மாட்டினால் அலை அலையாக நெளியும். மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் ஒட்டித் தொங்கவிட வேண்டும், காகிதம் விரிய இடம் இருக்கும்.

முதல் சுற்றுத் தேர்வு புகைப்படத்தை வைத்துத்தான் என்றால், படத்தைத் திண்ணை நிழலில் செங்குத்தாக நிறுத்தி, கேமராவை அதன் நட்டநடு உயரத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். டியூப்லைட் பளபளப்புக்கு மதிப்பெண் விழுந்துவிடக் கூடாதல்லவா!

பரிசு நடத்துகிறவர்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. தேர்வான படங்களை ஒரே நாளில் பாலக்காட்டுச் சித்தூரில் வாங்கிக்கொள்ள ஒரு மூடிய வண்டி. வாங்கும்போது, மாட்டும்போது, திருப்பித் தரும்போது என மூன்று முறை போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு தாள்; கீறல் எங்கே விழுந்தது என்ற சண்டை அதோடு தீரும். படைப்புக் குறிப்பைத் தமிழிலும் எழுத அனுமதி. பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, இவற்றுக்குச் செலவிடலாம்.

திருப்பித் தரும் தேதியையும் அறிவிப்பிலேயே போடட்டும், அது ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் இருக்கட்டும். குடோன் சுவரில் சாத்திய கேன்வாஸுக்கு மழைக்காலத்தில் முதுகுப் பக்கம்தான் முதலில் பூசணம் பிடிக்கும். முன்னால் தெரியும்போது துடைத்துப் பயனில்லை.

இப்படிக்கு,
ஓவியர்களும் படத்துக்குச் சட்டம் போடுபவர்களும்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.