சாவி யாரிடம்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வீடு மாறும் வேலையில் உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். சாமான்களைக் கட்டும்போது பரணிலிருந்து நம் பழைய தகரப் பெட்டி கிடைத்தது. ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தி விளையாடுவோமே, அந்த விளையாட்டின் பெட்டிதான். உள்ளே மூன்று இருபது முகப் பகடைகள், பென்சிலால் எழுதி அழித்து மறுபடி எழுதிய கதாபாத்திரத் தாள்கள், நீ வரைந்த அந்தக் கோட்டை வரைபடம். வரைபடத்தின் ஓரத்தில் உன் கையெழுத்தில் "சாவி யாரிடம்?" என்று ஒரு கேள்வி. மூட்டை கட்டுவதை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருடம் கழித்து, மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் நீ அந்த விளையாட்டின் கதையை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! ஆனால் நீ எழுதிய சங்கடமும் எனக்குப் புரிகிறது. மந்திர வாளைத் தேடிப் புறப்பட்டார்கள், மூன்றாவது ஆட்டத்திலேயே வாள் கிடைத்துவிட்டது, அதற்கப்புறம் யாருக்கும் ஆர்வம் இல்லை. வேறு என்ன பொருளைத் தேட விடலாம், யோசனைகளை எங்கே பிடிப்பது என்று கேட்டிருக்கிறாய்.

பொருளை மாற்றினால் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். வாளைப் பற்றி எனக்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அதன் ஒளி, அதன் வெட்டு, எந்தப் பூதத்துக்கு எத்தனை சேதம், எல்லாம் இருந்தது. அது யாருடைய வாள், தொலைந்ததால் யார் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள், இன்று அது யாருக்கு எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அன்று அந்த வரைபடத்தில் நீ "சாவி எங்கே?" என்று எழுதவில்லையே, "யாரிடம்?" என்றுதானே எழுதினாய். அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் இப்போது எல்லாக் கதைகளையும் தொடங்குகிறேன்.

யோசனைக்கு விளையாட்டுப் புத்தகங்களைவிட உண்மையில் திருட்டுப் போன பொருட்களின் வரலாறு எனக்கு அதிகம் உதவுகிறது. ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய ஸ்கோன் கல்லை எடுத்துக்கொள். 1296-ல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அதைக் கைப்பற்றிக்கொண்டு போனார். 1950 கிறிஸ்துமஸ் நாளின் விடியலில் நான்கு ஸ்காட்லாந்து மாணவர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் புகுந்து அதை எடுத்தார்கள். எடை 152 கிலோ. வெளியே கொண்டுவருவதற்குள் கல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சின்னத் துண்டு ஒரு காரில் போயிற்று. பெரிய துண்டை ஒரு வயல்வெளியில் மறைத்துவைத்துவிட்டுப் பிறகு வந்து எடுத்தார்கள். ஒரு கல்தச்சர் இரண்டையும் ஒட்டிக் கொடுத்தார். 1951 ஏப்ரலில், ஆர்புரோத் என்ற ஊரின் பாழடைந்த மடாலயத்தில், ஸ்காட்லாந்துக் கொடி போர்த்தி அதை விட்டுச் சென்றார்கள். அரசாங்கம் மறுபடி லண்டனுக்குக் கொண்டுபோனது. 1996-ல்தான் முறைப்படி ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது.

இதில் மந்திரம் என்று எதுவும் இல்லை. அது வெறும் மணற்கல். ஆனால் உன் ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. தூக்க முடியாத கனம், கையிலேயே உடைந்துபோகும் பதற்றம், இரண்டு துண்டும் இரண்டு வழியாகப் போவது, நம்பி ரகசியம் சொல்ல ஒரு கல்தச்சர். யோசித்துப் பார், திருடுவதோடு கதை முடியவே இல்லை, அப்புறம்தான் சூடு பிடிக்கிறது. உன் வாளை மூன்றாவது ஆட்டத்தில் அவர்கள் கண்டெடுத்ததில் தப்பில்லை. அதைச் சுமந்துகொண்டு போக வழியில்லாமல் செய்திருந்தால் அங்கேதான் கதை தொடங்கியிருக்கும்.

கால்பந்தின் பழைய உலகக் கோப்பையின் கதையும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஓர் இத்தாலிய நிர்வாகி அதைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்தார். 1966 மார்ச்சில் லண்டன் கண்காட்சி ஒன்றிலிருந்து திருட்டுப் போனது. போலீஸ் தேடிக்கொண்டிருக்க, ஒரு வாரத்தில் பிக்கிள்ஸ் என்ற நாய் அதைச் செடிவேலி ஓரத்தில், செய்தித்தாள் சுற்றிய பொட்டலமாகக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு ரகசியமாக ஒரு போலிக் கோப்பை செய்துவைத்தார்கள். 1983-ல் ரியோவில் மறுபடி திருட்டுப் போன அசல் இன்றுவரை கிடைக்கவில்லை. உன் மகளும் தோழிகளும் உயிரைக் கொடுத்து மீட்டு வருவது போலியாக இருந்து, அது போலி என்று அரசிக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தால் எப்படி இருக்கும்!

சரி, நம் மொழியிலேயே இருப்பதை விட்டுவிட்டு வெளியே அலைகிறேனே. அமுதசுரபியை நினைத்துப் பார். மணிமேகலையில் ஆபுத்திரன் கதையைப் படித்திருக்கிறாய் அல்லவா? எடுக்க எடுக்கக் குறையாத ஓடு அவன் கையில் இருக்கிறது. இந்திரன் கோபித்து மழையைக் கொட்டுகிறான், நாடு செழித்துவிடுகிறது, சோறு கேட்டு வர ஆள் இல்லை! பசித்தவர்கள் இருக்கும் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் அந்த ஓட்டால் யாருக்கு என்ன பயன்? கோமுகிப் பொய்கையில் அதை இட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். ஆண்டுக்கு ஒரே நாள், வைகாசிப் பௌர்ணமியன்று அது நீருக்கு மேல் வரும். மணிமேகலை கையில் வந்த பிறகும் உடனே ஊட்டத் தொடங்கவில்லை, ஆதிரை முதல் பிச்சை இட வேண்டியிருந்தது.

ஒரு பொருளைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. எதிரி யாரும் அதைப் பறிக்கவில்லை. பசி தீர்ந்ததால் பொருள் தனியாகிவிட்டது. அதை அடைய நாள் குறித்திருக்கிறது, அடைந்தாலும் இன்னொருத்தியின் கை வேண்டும். இந்தத் தேடலில் சண்டை போட ஒரு பூதம்கூடத் தேவையில்லை.

விளையாட்டின் ஆரம்ப நாட்களிலும் இந்த நாட்டம் இருந்திருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த வகை விளையாட்டு வந்தது 1974-ல். இரண்டே வருடத்தில் வெளியான ஓர் இணைப்புப் புத்தகத்தில் வெக்னா என்ற தீய மந்திரவாதியின் கை, ஏழு துண்டாகப் பிரிந்து கிடக்கும் கோல் போன்ற பெரும்பொருட்கள் வந்துவிட்டன. அந்தக் கையைப் பயன்படுத்த முதலில் தன் கையை இழக்க வேண்டும், அதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஏழு துண்டைச் சேர்க்கும் கதையை மட்டும் யோசித்துத் தொடு. மூன்றாவது துண்டுக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். நடத்தியே தீருவாய் என்றால், துண்டு ஒவ்வொன்றும் ஏற்கெனவே யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கட்டும். ஒன்று ஓர் ஊரின் மதகைத் தாங்கி நிற்கிறது, எடுத்தால் வயல் மூழ்கும் என்று வை. அப்போது உன் மகளும் தோழிகளும் என்ன செய்கிறார்கள் என்று பார்.

நான் செய்வது இவ்வளவுதான். பொருளின் சக்தியைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில் ஒரு தாளில் அது கடந்து வந்த கைகளை வரிசையாக எழுதுவேன். செய்தவர், முதலில் பெற்றவர், திருடியவர், ஒளித்துவைத்தவர், இப்போது தெரியாமல் வைத்திருப்பவர். ஒவ்வொரு கையும் ஆட்டத்தில் ஒரு மனிதராகவோ ஓர் இடமாகவோ மாறிவிடும். போன மாதம் ஒரு கிரீடத்தை வைத்து இப்படி நடத்தினேன். கடைசியில் இளவரசனிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. "இவனிடம் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். இரண்டு மணி நேரம் பகடையை யாரும் தொடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்த இரவு மறக்காது.

உன் வாளைத் தூக்கிப்போடாதே. அதைச் செய்த கொல்லரின் மகள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், கூலி வரவேயில்லை என்று அடுத்த ஆட்டத்தில் வந்து கதவைத் தட்டட்டும். என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுது.

வரைபடத்தை இத்துடன் அனுப்புகிறேன், பகடைகளும் உன் மகளுக்கே. சாவி யாரிடம் இருந்தது என்று உனக்கு நினைவிருந்தால் அதையும் எழுது. நான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்