நொங்கு வண்டிக்கு மையம் பார்ப்பது எப்படி?

தக்கலை
சித்திரைத் தொடக்கம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது பெரிய நிம்மதி. இங்கே அம்மைக்கு முழங்கால் வலி பழையபடிதான். ஆனாலும் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு ஊர் நியாயம் பேச அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. கோடை மழை நல்லாப் பெய்தது, கிணறு தேறிவிட்டது.

மே மாதம் முழுக்கப் பிள்ளைகள் அகஸ்தீஸ்வரத்தில் உன் அம்மை வீட்டில் இருப்பார்கள், செல்போனை வாங்கி வைத்துவிட்டுக் கையில் என்னத்தைக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ளா, எதையும் முழுசாகச் செய்து கொடுக்காதே. அரிவாளும் சூட்டுக்கம்பியும் படுகிற வேலை பெரியவர்களுக்கு. குத்துவது, கோர்ப்பது, கட்டுவது, கழன்றால் மாட்டுவது எல்லாம் பிள்ளைகளுக்கு. முழுசாக வந்த சாமான் கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தன் கையால் அச்சு கோர்த்த வண்டி என்றால், சாப்பிடக் கூப்பிட்டாலும் பிள்ளை அதை விட்டு வராது.

நொங்கு வண்டியில் தொடங்கு, நொங்கு தின்ற ரெண்டு கூட்டை ஒரு அச்சில் கோர்த்துக் கவட்டைக் கம்பால் தள்ளுகிற வண்டிதான். இப்போது சீசன். சுளை எடுத்து இலையில் கட்டி விற்பவரிடம் வாங்கினால் கூடு கிடைக்காது, குலையாக வாங்கணும். ரெண்டு காயும் ஒரே பருமனாக இருக்கட்டும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றால் வண்டி நேரே போகாது, சிறிசு இருக்கிற பக்கமாக வளைந்துகொண்டே போகும். தலைப்பக்கம் மட்டும் சீவச் சொல். வெட்டுகிறவர் கைப்பழக்கத்தில் சுற்றியும் செதுக்கிவிட்டால் கூடு உருளாது. தின்ன இளசு நல்லது, வண்டிக்குக் கொஞ்சம் முற்றினதுதான் தாங்கும். பெருவிரலால் நோண்டினால் நொங்கு வரணும், கூட்டை அமுக்கினால் குழியக்கூடாது. அந்தப் பதம் போதும்.

சீவின முகத்தில் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். மூன்றும் சந்திக்கிற இடம்தான் மையம், அங்கே நாரும் கெட்டி. ரெண்டு கண் காய் என்றால் ரெண்டுக்கும் இடையில் உள்ள தடுப்பின் நடு. இதில் அரை இஞ்சு தப்பினாலும் வண்டி குதித்துக் குதித்துத்தான் ஓடும். பிள்ளைக்கு அதுவும் ஒரு வேடிக்கைதான், ஆனால் குதிக்கக் குதிக்க அச்சுத் துளை பெரிசாகிச் சக்கரம் கழன்றுவிடும். முதலில் ஒரு ஆணியால் நீ அடையாளம் குத்திக் கொடு. அச்சை இறக்குவது உன் மூத்த மகள் பெரியவளின் வேலை. அச்சுக்கு 1 அடி நீளத்தில் வேப்பங்கம்போ கொய்யாக்கம்போ போதும், சுண்டுவிரல் பருமன். ரெண்டு முனையையும் கூராகச் சீவிக்கொள். சக்கரங்களுக்கு இடையே 6 இஞ்சு விடு. வெட்டின முகம் வெளியே பார்க்கட்டும். அச்சு நழுவினால் பிள்ளை கண்ணுக்கே தெரியும், கல்லால் ஒரு தட்டுத் தட்டிக்கொள்ளும்.

தள்ளுகிற கம்பு கவட்டையாக இருக்கணும். பெரியவளுக்கு 3 அடி, நெஞ்சு உயரம் என்று வைத்துக்கொள். கவட்டையின் ரெண்டு விரலும் 3 இஞ்சு நீட்டிக்கொண்டு, ஒன்று அச்சுக்கு மேலேயும் ஒன்று கீழேயும் வருகிற மாதிரி பிடிக்கணும். இந்த வண்டியில் சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுற்றும், உராய்வதெல்லாம் கவட்டைக்குள்ளேதான். அதனால் அந்த இடத்தில் மட்டும் பட்டையை உரித்து, சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவு. மட்டி வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தைத் தேய்த்தாலும் நடக்கும், எறும்பு வரும் அவ்வளவுதான். மேட்டில் ஏறும்போது அச்சு கவட்டையை விட்டு வெளியே வந்தால், விரல் ரெண்டின் நுனியையும் நனைத்த வாழைநாரால் சேர்த்துக் கட்டு. அச்சை இறுக்காமல் கட்டணும்.

மூன்று வயசுச் சின்னவனுக்குக் கவட்டையைக் குறிபார்த்துத் தள்ள வராது. அச்சின் நடுவில் தொளதொளவென்று ஒரு கயிற்று வளையம் போட்டு, இழுவண்டியாக்கிக் கொடு. கயிறு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், நீளக் கயிறு கழுத்தில் சுற்றும்.

மறுநாள் கூடு வற்றிச் சுருங்கும், துளை தளரும். அச்சு முனையில் ஒரு துணிக்கிழிசலைச் சுற்றி மறுபடி இறக்கினால் இன்னும் ஒரு நாள் ஓடும். அதற்கு மேல் அதைக் கட்டிப் பிடிக்காதே, தென்னை மூட்டில் போட்டுவிட்டுப் புதுக் காய் எடு. நொங்குக் கறை துணியை விட்டுப் போகாது. போட்டுக் கிழிக்க ரெண்டு பழைய சட்டை எடுத்து வா.

அடுத்தது காத்தாடி. இதில் உங்கள் பக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் எல்லாம் வீசும். முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதும் அதை நம்பித்தான். எங்கள் பக்கம், இன்னும் மேற்கே விளவங்கோட்டில் ரப்பர் தோட்டத்துக்குள்ளே, பிள்ளை ஓடினால்தான் காத்தாடி சுற்றும். அதிலும் ஒரு லாபம் உண்டு, ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடும்.

பனையோலைதான் இதற்கு நல்லது. குருத்தோலை வளைந்துவிடும், காய்ந்த ஓலை கீறிவிடும். பச்சை ஓலையை ஒரு நாள் நிழலில் வாட்டி எடு. 7 இஞ்சு நீளம், ஒன்றரை இஞ்சு அகலத்தில் ரெண்டு துண்டு. நடுவிலுள்ள ஈர்க்கை விலக்கி நறுக்கு, ஈர்க்கு இருந்தால் ஒரு பக்கம் கனத்து அது கீழே வந்து நின்றுவிடும். ரெண்டையும் கூட்டல் குறியாக வைத்து, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்து. இனிதான் எல்லோரும் தப்புகிற இடம். நாலு இதழையும் ஒரே சுற்றுக்குத் திருப்பணும். நடுவிலிருந்து நுனியைப் பார்த்தபடி ஒவ்வொரு இதழாகப் பிடித்து, வலது ஓரத்தைப் பின்னுக்கு மடக்கு. நாலுக்கும் வலது ஓரமேதான். ஒன்றில் இடது ஓரத்தை மடக்கிவிட்டாலும் காத்தாடி தயங்கித் தயங்கிச் சுற்றும். ரெண்டில் அப்படி ஆனால் எந்தக் காற்றுக்கும் அசையாது. ஓடவில்லை என்று பெரியவள் வந்தால் நீ வாங்கிச் சரிசெய்யாதே, எந்த இதழ் வேறே மாதிரி மடங்கியிருக்கிறது என்று மட்டும் கேள்.

பப்பாளி இலைக்காம்பை 1 அடிக்கு நறுக்கினால் அதுவே கைப்பிடி. உள்ளே குழாய் என்பதால் முள் எளிதாக இறங்கும். பால் கையில் பட்டால் அரிக்கும், நறுக்கிக் கழுவி வடியவிட்டுக் கொடு. காத்தாடிக்கும் காம்புக்கும் நடுவே அரை இஞ்சுக் குழலோ ஒரு பாசிமணியோ கோர்க்கணும், இல்லாவிட்டால் இதழ் காம்பில் தட்டும். குழலுக்குப் பப்பாளியின் மெல்லிய நுனிக்காம்பே ஆகும். முள்ளின் கூர்முனை காம்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை ஒடித்துவிட்டு ஒரு துண்டு ரப்பர்ச் செருப்பைச் செருகு. சின்னவன் காத்தாடியை முகத்துக்கு நேரே பிடிப்பான், மறந்துவிடாதே.

பூவரசம் பீப்பி உனக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், தளிரும் வேண்டாம், மஞ்சளித்ததும் வேண்டாம். நடுப்பருவ இலையைக் காம்பு கிள்ளி, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை அரை இஞ்சுக்கு விரலால் தட்டையாக அமுக்கு. சத்தம் வராததற்குக் காரணம் எப்போதும் இந்த முனைதான், உருண்டையாக இருந்தால் வெறும் காற்றுத்தான் போகும். பெரிய இலை தடித்த குரல், சின்ன இலை கீச்சுக் குரல். மத்தியானம் உன் அம்மை தூங்கும் நேரத்துக்கு ரெண்டுமே ஆகாது.

மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்துக்குச் சோப்புக் குமிழி. காற்றில் ஈரம் இருக்கும்போது குமிழியின் தோல் சீக்கிரம் வற்றாது, அதனால் கொடி வரைக்கும் ஏறிப் போகும். வெயில் நேரத்தில் கண்முன்னே உடையும். 1 டம்ளர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவுகிற திரவம், 1 தேக்கரண்டி சர்க்கரை. நுரை எழும்பாமல் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் வை. சர்க்கரை தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும். அதற்குப் பதிலாக நாலைந்து செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த வழுவழுப்பான தாளி சேர்த்தாலும் குமிழி கெட்டிப்படும், வடிகட்டணும், அவ்வளவுதான். கடல் பக்கத்துக் கிணறு உப்புக் கலந்தது. சோப்புக் கட்டியைக் கரைத்தால் அந்தத் தண்ணீரில் திரிந்துபோகும். கூரைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. ஊதுவதற்குக் குழாய் வேண்டாம், சின்னவன் உறிஞ்சிவிடுவான். பச்சை ஈர்க்கை ஒரு ரூபாய் அளவுக்கு வளைத்து நூலால் கட்டினால் வளையம். வளையத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நூலைச் சுற்றிவிடு, நூல் குடித்த தண்ணீரில் அடுத்தடுத்து நாலைந்து குமிழி வரும். நாம் சின்னதில் காட்டாமணக்குப் பாலில் ஊதினோம் என்று அதைக் காட்டிக் கொடுக்காதே. அந்தச் செடியின் கொட்டை விஷம், பால் கண்ணில் பட்டால் எரியும்.

விஷம் என்றதும் இன்னொன்று. பிள்ளைகள் கொட்டை பொறுக்குவார்கள். பளபளவென்று முழுச் சிவப்பாக இருக்கிற மஞ்சாடியும், ஒரு முனை கறுத்த குன்றிமணியும் ஒரே டப்பாவில் வந்து சேரும். குன்றிமணி உடைந்து வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, கண்டவுடன் எடுத்துவிடு. மஞ்சள் அரளிக் காயும் அப்படியே. ரப்பர்க் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடட்டும், கடிக்கக் கூடாது, பச்சைப் பருப்பில் நஞ்சு உண்டு. சின்னவன் கைக்கு எந்தக் கொட்டையுமே வேண்டாம். மஞ்சாடியும் புளியங்கொட்டையும்கூடத் தொண்டையில் போய் அடைக்கும்.

சிரட்டை நடை, அதாவது ரெண்டு சிரட்டை மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்து நடப்பது, பெரியவளுக்கு மட்டும். தேங்காயின் கண் உள்ள பாதியில் துளை போடுவது சுலபம், ஆனால் அது கூம்பி இருக்கும், கால் நிற்காது. கண்ணில்லாத பாதிகள் ரெண்டு எடு. விளிம்பைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டு உரசிச் சமமாக்கு. தரையில் கவிழ்த்து அமுக்கும்போது ஆடினால் இன்னும் உரசணும். நடுவில் சூட்டுக்கம்பியால் துளை போட்டு, பழைய வேட்டிக் கரையை முறுக்கிக் கோர்த்து, உள்பக்கம் ஒரு குச்சியை வைத்து முடிச்சுப் போடு. குச்சி இல்லாத முடிச்சு துளை வழியாக வழுக்கி வெளியே வந்துவிடும். தும்புக்கயிறு கால்விரல் இடுக்கை அறுக்கும், வேண்டாம். கயிற்றை இடுப்பில் பிடிக்கணும், கை மடங்காமல் இழுத்துப் பிடித்தால்தான் சிரட்டை காலோடு ஒட்டி வரும். மண் முற்றத்தில் நடக்கட்டும், டைல்ஸில் வழுக்கும். விரிசல் கண்ட சிரட்டையை அடுப்புக்குக் கொடுத்துவிடு.

வெளியே இறங்க முடியாத மழைக்கு மாவு பிசைந்து கொடு. 1 கப் மைதா, அரை கப் பொடியுப்பு, 2 தேக்கரண்டி தேங்காயெண்ணெய், தண்ணீர் அரை கப்புக்குக் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக விடு. மஞ்சள்பொடி போட்ட உருண்டையில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துப் பிசையச் சொல், மஞ்சள் சிவந்து வரும்போது பெரியவள் முகத்தைப் பார். சங்குப்பூ ஊறின தண்ணீர் நீலம், எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா. உப்பு ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் மாவு கசிந்து ஒட்டும். எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடி வை, ஒட்டினால் உலர்ந்த மாவு தூவிப் பிசை. வாயில் வைத்தால் உப்புக் கரித்துத் துப்பிவிடுவான், ஆனாலும் பக்கத்தில் இரு.

என்றைக்கு வந்து இறங்குகிறீர்கள் என்று தேதி போட்டு எழுது. நொங்கு வெட்டுகிறவரிடம் ரெண்டு நாள் முன்னே சொல்லணும், ஒரே பருமனில் கொஞ்சம் முற்றின குலையாகப் பார்த்து இறக்குவார். கவட்டைக் கம்பு நான் வெட்டி நிழலில் போட்டு வைக்கிறேன். பட்டையை உரிக்க மாட்டேன், அது பெரியவளுக்கு.

அன்புடன்,
உன் தோழி