புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுல எங்களுக்கு உதவினவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை புதுச்சேரி பக்கத்துல இருக்கற கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில்ல எங்களுக்கு ஒத்தாசை பண்ண எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் இத எழுதறேன், யார் பேரையும் கேட்டு வச்சுக்கல, அது என் தப்பு.

முதல்ல பூ விக்கிற அக்கா. ஈசிஆர்ல இறங்கி நடந்த வெயிலுக்கே அம்மாவுக்கு தலை சுத்திடுச்சு, நாங்க முழிச்சிட்டு நிக்கறப்ப நீங்கதான் கைத்தாங்கலா கூட்டிட்டு போய் நிழல்ல உக்கார வச்சு மோர் குடுத்தீங்க, காசு நீட்டினதுக்கு ஒரு திட்டு திட்டினீங்க பாருங்க, அம்மா இன்னும் அத சொல்லி சிரிக்கிறாங்க.

அப்புறம் பாட்டனி படிக்கிற தம்பி. எனக்கு மொட்ட போட்டதே அந்த கோயில்லதான், ஆனா இத்தன வருஷமா கோயில சுத்தி இருக்கற காட்ட வெறும் புதர்னுதான் நெனச்சேன். வெளிய அனல் அடிக்குது, உள்ள பாதி இருட்டு, ஜில்லுனு இருக்கு, ஏன்னு கேட்டதுக்கு ஒரு மணி நேரம் கூடவே நடந்து சொன்னீங்க. மழை என்னவோ ஐப்பசி கார்த்திகைலதான், ஆனா இந்த மரங்க கோடைலயும் மொத்தமா இலைய உதிர்க்காதாம், இந்த கடற்கரை பூரா ஒரு காலத்துல இதே காடுதானாம், இப்ப இந்த மாதிரி கோயில சுத்தி துண்டு துண்டாத்தான் மிச்சமாம். பக்கத்துல ஆரோவில்ல 1968ல வெறும் செம்மண் பொட்டலா இருந்த எடத்துல இதே வகை மரங்களயும் வச்சு காட்ட திரும்ப கொண்டு வந்தாங்கன்னும் சொன்னீங்க. கிளையோட ஒட்டி பொடிப்பொடியா நீலமா பூக்குமே அது காசான், கீழ கெடந்த இலைய கசக்கினா எலுமிச்ச வாசம் வந்துச்சே அது குருந்து, மாணிக்கவாசகர் கதையில வர்ற அதே குருந்து, எனக்கு புல்லரிச்சிடுச்சு. மோதிரக்கண்ணி கொடியோட சுருள்ல பொண்ணு விரல விட்டு பாத்துட்டு மோதிரம் மோதிரம்னு குதிச்சா, பிய்க்க போனப்ப "சாமி காடு பாப்பா, பறிக்கக் கூடாது"ன்னு மெதுவா சொன்னீங்க, வீட்ல நாங்க சொன்னா கேக்கவே மாட்டா.

ரெண்டு மணி நேரம் காத்திருந்த ஆட்டோ அண்ணன், வெயிட்டிங் சார்ஜ் கேக்கவே இல்ல. கொடிக்குள்ள மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவர தனியா ஒருத்தரா பொறுக்கிட்டிருந்த பெரியவர், ஆடி மாசம் வந்து போட்டுட்டு போறதுல எங்க கவரும் இருந்திருக்கும், மன்னிச்சிடுங்க ஐயா.

அக்கா, உங்க எவர்சில்வர் டம்ளர் எங்க பையோட வந்துடுச்சு. ஆடிக்கு வரப்ப கொண்டு வரேன்.