கமலாவுக்கு, குன்னூரிலிருந்து

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னதை ஒரு வரியில் எழுதிவிட்டு, "போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாளோ" என்று உன் நாத்தனார் சொன்னதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமே வந்தது.

இதே பேச்சு புத்தரிடமும் போயிருக்கிறது. மனிதன் படுகிற இன்ப துன்பம் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே என்று ராஜகிருகத்தில் மோலிய சீவகர் என்ற துறவி கேட்டார் (மருத்துவர் ஜீவகர் வேறு). புத்தர் எட்டுக் காரணங்களைச் சொன்னார்: பித்தம், கபம், வாதம், இவை சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், உடம்பைத் தாறுமாறாக நடத்துவது, வெளியிலிருந்து விழும் அடி, கடைசியில்தான் வினை. எல்லாவற்றையும் முன்வினை மேல் போடுகிறவர்கள் தாங்களே கண்டறிவதையும் உலகம் ஒத்துக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள், அது தவறு என்றார். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது.

வினையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வினைப்பயனை யோசித்துக் கண்டுபிடிக்கப் போனால் பித்துதான் பிடிக்கும் என்றும் அவரே சொன்னார். அப்படியிருக்க உன் நாத்தனாருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவிடம் அவர் கேட்டதும் என்ன நோய், பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்றுதான். பிறகு சீடர் ஆனந்தரும் அவருமாகக் குளிப்பாட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய போதனை வேண்டாம். இளமையில் இந்த நீலகிரியில் இருந்த அயோத்திதாசரையும் நினைத்துக்கொள்கிறேன். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அவர் சித்த வைத்தியரும்கூட.

அதனால் மாத்திரையை விடாதே. மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருந்தால் வாரம் ஒரு நாள்தான், தினமும் போட்டுவிடாதே. ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதே.

இங்கே ஐப்பசி மழை விடவில்லை. பச்சைத் தேயிலை விலையும் ஏறவில்லை. மார்கழிக் குளிர் உன் மூட்டுக்கு ஆகாது, பங்குனியில் வா. கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன், படி ஏற வேண்டாம்.

அன்புடன்,
சரோஜா