கொள்கலன் நிற்கிறது, கட்டணம் ஏறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு நிறுவனமொன்றின் யாழ்ப்பாணக் கிளையில் இறக்குமதி ஆவணங்களைப் பார்ப்பவன் நான். மீன் பதனிடும் குளிர் அறைக்கு வந்த இயந்திரம் கடந்த மாதம் கொள்கலனோடு நின்றுவிட்டது. காரணம், பொருள் எந்த வகை என்பதைக் காட்டும் சுங்கக் குறியீட்டு எண். முதல் 6 இலக்கங்கள் உலகப் பொது. அதற்குப் பின்னால் வருபவை நாட்டுக்கு நாடு மாறும். அனுப்பியவர்கள் தங்கள் நாட்டு எண்ணையே விலைப்பட்டியலில் அடித்துவிட்டார்கள். ஒரு முத்திரைக்காக இரவு பஸ்ஸில் மூன்று தடவை கொழும்புக்குப் போய்வந்தேன். தாமதக் கட்டணமோ நாளுக்கு நாள் ஏறியது.

சரி, தவறு எங்கள் பக்கம்தான். ஆனால் திருத்துவதற்கு இங்கேயே வழி செய்யக்கூடாதா? பொருள் கப்பலேறு முன்பே வகைப்பாட்டைக் கேட்டுப் பெறும் முன்தீர்ப்பு ஏற்பாடு, இலங்கை 2016இல் ஏற்ற உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதைத் தமிழில் விளக்கி, விண்ணப்பங்களை யாழ்ப்பாணத்திலேயே வாங்க உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
நல்லூர், யாழ்ப்பாணம்