கிராஞ்சிக் கல்லில் நம் பெயர்கள்: தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகளை நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேலை கேட்டு எழுதுகிறேன். நன்கொடை கேட்கவில்லை, மண்டபமும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் மக்கள் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு வரவேண்டும், இரண்டாம் உலகப் போரில் மடிந்தவர்களுக்காக அங்கே கல்லில் வெட்டியிருக்கும் தமிழ்ப் பெயர்களை வாய்விட்டு வாசிக்கவேண்டும். கோரிக்கை அவ்வளவுதான்.

இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜோகூருக்குச் சாமான் வாங்க 170ஆம் எண் பேருந்தில் போகிறவர்கள் உட்லண்ட்ஸ் ரோட்டில் அதைக் கடந்துதான் போகிறார்கள். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நம்மில் பலருக்கு அது 'வெள்ளைக்காரன் கல்லறை'. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி.

மேட்டில் வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அப்படித்தான் தோன்றும். அங்கே 4,400க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களில் 850க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே ஏறவேண்டும். உச்சியில் விமான இறக்கை மாதிரி ஒரு கூரை, அதைத் தாங்கும் தூண்கள், நடுவில் வானத்தைப் பார்த்து நிற்கும் ஓர் உயரமான கோபுரம். 1957 மார்ச் மாதம் திறந்துவைக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவகம் இது. கல்லறையே கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அந்தத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். மலாயாச் சண்டையில் மடிந்தவர்கள், போர்க்கைதிகளாகச் செத்தவர்கள், சயாம்-பர்மா ரயில்பாதையில் விழுந்தவர்கள், கைதிகளை ஏற்றிப்போன கப்பலோடு மூழ்கியவர்கள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பலருக்கு இறந்த தேதிகூடத் தெரியாது. காணாமல் போன நாளையோ பிடிபட்ட நாளையோதான் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் திதி எந்த நாளில் கொடுத்திருப்பார்கள்? கொடுத்தார்களோ இல்லையோ.

இந்தியப் படைகளின் தூண்களுக்கு முன்னால் நின்று பாருங்கள். முதலில் படைப்பிரிவின் பெயர், அதன் கீழே பதவி, அதற்கும் கீழே அகர வரிசையில் பெயர்கள். பஞ்சாப், டோக்ரா, கார்வால், கூர்க்கா என்று காலாட்படைப் பெயர்களாகவே முதலில் கண்ணில் படும். தமிழர்களை அங்கே தேடினால் அதிகம் கிடைக்கமாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமென்ட்டை ஆங்கிலேயர் படிப்படியாகக் கலைத்துவிட்டார்கள். 'வீர இனங்கள்' என்று அவர்கள் கையில் வைத்திருந்த பட்டியலில் தெற்கத்திக்காரர்களுக்கு இடமில்லை. போர் முற்றி ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான், 1941 வாக்கில், அதை மறுபடி திரட்ட ஆரம்பித்தார்கள். (ஆள் தேவைப்படும்போது வீரம் தானாக வந்துவிடும் போலிருக்கிறது.)

ஆகவே தமிழ்ப் பெயர்களுக்கு வேறு தலைப்புகளின் கீழே பார்க்கவேண்டும். பாலம் கட்டி, பாலம் தகர்த்து, கண்ணிவெடி புதைத்த மெட்ராஸ் சாப்பர்ஸ், லாரி ஓட்டி, அரிசியும் தோட்டாவும் சுமந்த சர்வீஸ் கோர், காயம்பட்டவர்களைத் தூக்கிய மருத்துவமனைப் பிரிவு. அங்கே பெருமாள்களும் ஆறுமுகங்களும் முனுசாமிகளும் கோவிந்தன்களும் இருக்கிறார்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் என்பதையும் பதவியாகவே எழுதி, சிப்பாய்க்கு வெட்டிய அதே அளவு எழுத்தில் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேய ஆட்சியைப் பற்றி எனக்கு ஆயிரம் கசப்பு உண்டு. ஆனால் சமையல்காரரின் பெயரும் தளபதியின் பெயரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று விதி வைத்ததே, அது நல்ல விதி.

தூண் உயரமானது. மேல் வரிசைகளைப் படிக்கக் கழுத்தை நன்றாக அண்ணாந்து பார்க்கவேண்டும், வெயில் ஏறினால் கண் கூசும். அதனால்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன்.

நினைவகத்துக்குப் பின்னால் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பெரும்பாலோர் அதுவரை நடப்பதில்லை. தங்கள் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்கானது அது. ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். புதைத்தவர்களுக்குக் கல், எரித்தவர்களுக்குப் பெயர்ப்பலகை என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். நாம்தான் எட்டிப் பார்க்கவில்லை.

நவம்பரில், பதினொன்றாம் தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, அங்கே நினைவு வழிபாடு நடக்கிறது. தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் கூடுகிறார்கள். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து ஒரு கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நான் போன போதெல்லாம் ஆங்கிலப் பெயர்களின் கீழே சிவப்புக் காகிதப்பூ செருகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் கோர் தூணின் கீழே ஒரு முழம் மல்லிகையைக்கூடப் பார்த்ததில்லை. தேக்காவில் பூக்கடைக்குப் பஞ்சமா என்ன?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அவர்கள் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்ட கூலிப்படை. நமக்கு நேதாஜியின் படை இருக்கிறதே!" சங்கக் கூட்டங்களில் இதை நேரிலேயே கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுகிறேன்.

நேதாஜியின் படையை, அதாவது இந்திய தேசிய ராணுவத்தை, நினைவுகூர்வதில் எனக்கும் பெருமைதான். 1943இல் கத்தே கட்டடத்திலும் பாடாங் திடலிலும் நேதாஜி பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த தமிழ் ஆண்களும் பெண்களும் அந்தப் படையில் சேர்ந்தார்கள், பெண்கள் அதன் ஜான்சி ராணிப் பிரிவில் துப்பாக்கி பிடித்தார்கள். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய அந்தப் படையின் நினைவுச் சின்னத்தை ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது நின்ற இடத்தில், எஸ்பிளனேட் பூங்காவில், 1995இல் அடையாளக் கல் வைக்கப்பட்டது. இந்தியச் சமூகம் அதற்குக் கை கொடுத்தது. நல்ல காரியம்.

ஆனால் அந்தப் படையில் சேர்ந்த சிப்பாய்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1942 பிப்ரவரி 15ஆம் தேதி அப்பர் புக்கிட் தீமா ரோட்டிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயர் சரணடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகத் திரட்டினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே நின்றார்கள் என்கிறது வரலாறு. ஓர் ஆங்கிலேய அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். புதிய படையில் சேருங்கள் என்று அழைப்பு வந்தது. சிலர் நாட்டு விடுதலைக்காகச் சேர்ந்தார்கள், சிலர் பசிக்குப் பயந்து சேர்ந்தார்கள். உப்பைத் தின்றுவிட்டோம், மாறமாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பல ஆயிரம் பேரைக் கப்பலேற்றி நியூ கினி பக்கம் அனுப்பினார்கள், கூலி வேலைக்கு. அங்கே பட்டினியிலும் நோயிலும் அடியிலும் செத்தவர்கள் ஏராளம்.

ஒரே திடலில் ஒரே வெயிலில் நின்றவர்கள். ஒருவன் இந்தப் பக்கம் போனான், இன்னொருவன் அந்தப் பக்கம் போனான். இதில் ஒருவனை மட்டும் நம்மவன் என்று வைத்துக்கொண்டு மற்றவனை மறந்துவிடுவது நியாயமாகப் படவில்லை. கூலிப்படை என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. மழை பொய்த்த ஊரில், மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியார்டர் போகும் என்பதற்காகப் பட்டாளத்துக்குப் போனவனை அப்படி அழைப்பதானால், நம் தாத்தாக்கள் பலரும் கப்பலேறி இங்கே வந்தது எதற்காகவாம்?

ரயில்பாதையில் செத்த தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியும் கேட்பீர்கள். அவர்கள் படையினர் இல்லை, ஆகவே அந்தத் தூணில் பெயர் இல்லை. அது இதைவிடப் பெரிய கடன், தனியாகவே எழுதவேண்டும்.

சரி, ஒரு சமூக அமைப்பால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால், பீச் ரோட்டிலுள்ள போர் நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். 1962இல் சிக்லாப் பக்கம் ஜப்பானியர் கொன்று புதைத்தவர்களின் எலும்புகள் கிடைத்தபோது, அதைக் கையில் எடுத்தது சீன வர்த்தகச் சபை. தோண்டி எடுத்தார்கள், நிதி திரட்டினார்கள், அரசாங்கத்தோடு பேசினார்கள். அரசாங்கம் நிலம் ஒதுக்கி, எல்லா இனத்தவருக்கும் பொதுவான நினைவுச் சின்னமாக அதை ஆக்கியது. 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த நான்கு தூண்களில் ஒன்று நமக்கும் உரியது. இன்றுவரை பிப்ரவரி 15 நினைவு நிகழ்ச்சியை அந்தச் சபைதான் முன்னின்று நடத்துகிறது. அவர்கள் எலும்பிலிருந்து தொடங்கினார்கள். நமக்குக் கல்லும் எழுத்தும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன, புல்லைக்கூட வேறு யாரோ வெட்டிவைக்கிறார்கள்.

என் யோசனை இது. அந்தப் பெயர்களின் பதிவேடு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். சில பெயர்களுக்கு நேரே இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஊர் இது, மாவட்டம் இது என்று ஒரு வரி இருக்கும். வட ஆற்காடு, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயர்களைத்தான் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். டெல்லியில் இருந்த எழுத்தர் எவரோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், லண்டனில் அதை இன்னும் கொஞ்சம் திருகியிருப்பார்கள். அந்த ஊர்க்காரர் பார்த்தால் ஒரு நொடியில் இன்ன ஊர் என்று சொல்லிவிடுவார்.

அந்த ஊர்க்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். கிராஞ்சி, சுங்கை காடுட் வட்டாரத் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தம்பிகளில் பலர் இந்த மாவட்டங்களிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். நினைவிடத்தைத் தாண்டித்தான் தினமும் லாரியில் வேலைக்குப் போகிறார்கள். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஊர் வாட்ஸ்அப் குழு உண்டு. "நம்ம ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஆள் யார்?" என்று அதில் ஒரு செய்தி போட்டால், எண்பது வயதுக் கிழவி ஒருத்தியாவது பதில் வைத்திருப்பாள். பெரிய ஆராய்ச்சி நிலையம் செய்ய முடியாததை அவர்கள் செய்துவிடுவார்கள். இந்த வேலையில் அவர்களை நாற்காலி எடுத்துப்போட மட்டும் கூப்பிடாதீர்கள், முன்வரிசையில் வையுங்கள்.

சாதாரண மாணவர் குழு ஒன்று விடுமுறையில் உட்கார்ந்தாலே தமிழ்ப் பெயர்களைப் பிரித்தெடுத்துத் தமிழில் எழுதிவிடலாம். தேசிய சேவைக்குப் போகவிருக்கும் பையன்கள் இதில் இருந்தால் நல்லது. பதிவேட்டில் 19, 20 என்று வயதைப் பார்க்கும்போது அவர்களுக்குப் படுவது வேறு, நமக்குப் படுவது வேறு. எழுதிய பட்டியலின் ஒரு பிரதி தேசிய நூலகத்துக்கு, ஒரு பிரதி கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு. தப்பு இருந்தால் ஆதாரத்தோடு ஆணையத்துக்கே எழுதலாம், திருத்துவார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் பலரைப் பெயர் சொல்லி நினைவுகூராமல் விட்டதற்காக 2021இல் மன்னிப்புக் கேட்டவர்கள்தான் அவர்கள். காது கொடுத்துக் கேட்கும் காலம் இது.

நாள்? பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு சரியாக இருக்கும். 1942இல் கிராஞ்சிக் கரையில் ஜப்பானியர் இறங்கியது பிப்ரவரி 9ஆம் தேதி இரவு. பீச் ரோடு நிகழ்ச்சி 15ஆம் தேதி என்பதால், இரண்டாவது ஞாயிறோடு அது மோதாது.

தயவுசெய்து இதை விழாவாக ஆக்கிவிடாதீர்கள். பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். யார் பெயரை யார் முதலில் வாசிப்பது என்று சங்கங்களுக்குள் சண்டையும் வேண்டாம், குலுக்கல் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கொரு தாள், தாளில் இருபது பெயர், ஊர் தெரிந்தால் ஊர். தேவாரம் பாடத் தெரிந்தவர் ஒருவர், துவா ஓதத் தெரிந்தவர் ஒருவர், ஜெபம் செய்ய ஒருவர். பசியாறலை அப்புறம் தேக்காவில் பார்த்துக்கொள்ளலாம்.

நினைவிடம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். முன்னதாக ஆணையத்திடம் அனுமதி கேட்டுவிடுவது முறை, அந்தக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். சர்வீஸ் கோர் பக்கங்களில் ஒரு பகுதியைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் பக்கங்களை எந்தச் சங்கம் எடுத்துக்கொள்கிறது என்று மட்டும் இந்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உட்லண்ட்ஸ் வட்டாரவாசி ஒருவர்